ஏழாம் மாடிச் சப்பாத்துகள்

ஏழாம் மாடியில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்கள் இப்போது பிக்கரிங், மிசிசாகா, றிச்மண்ட் ஹில் என்று ஆளுக்கொரு திசையில் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டீர்கள். கலியாண வீடுகளில் சந்தித்தால், "எங்கட பழைய பில்டிங் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. சிரிப்புத்தான் வருவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மன்னிக்கிற ஆள் இல்லை. பத்து வயதில் ஒருவர்மேல் வைத்த கறுவத்தை ஐம்பது வயதுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். பிரஷருக்குக் குளிசை போடுகிறேன், சீனிக்குக் குளிசை போடுகிறேன், இதற்கு மட்டும் மருந்து தேடியதில்லை. சில பேருக்குக் கடவுள் நம்பிக்கை எப்படியோ, எனக்கு இது அப்படி. காலையில் எழும்ப ஒரு காரணம் வேண்டுமே.

போன மாதம் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் சனிக்கிழமைகளில் நகரத்துக்குள் இருக்கிற ஒரு சின்ன மியூசியத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள். பழைய வீடொன்றின் கீழ்த்தளம், இரண்டு அறை, ஒரு நடைபாதை. இந்த ஊரின் கறுப்பின மக்கள் வாடகைக்கு வீடு கிடைக்கவும், வேலை கிடைக்கவும், சாப்பாட்டுக் கடையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் பட்ட பாட்டைச் சொல்கிற இடம். அங்கே புதிதாக, குடியிருப்போர் உரிமைக்கென்று ஒரு மூலை ஒதுக்கி, அதை மகளின் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

"அம்மா, இது உங்கட ஓல்ட் பில்டிங் தானே? லுக், எங்கட ஆக்கள்! இந்தப் பனல் நான் செய்தது!" என்று படத்தோடு எழுதியிருந்தாள்.

கறுப்பு வெள்ளைப் படம். பனி குவிந்த வாசல். பின்னால் எங்கள் ஸ்காபரோக் கட்டடம். தடித்த கோட்டுகளுக்குள் புதைந்து, சுலோக அட்டைகளைப் பிடித்தபடி எங்கள் பெற்றோர் நிற்கிறார்கள். நடுவில், கோட்டின் மேல் பட்டனைக் கழற்றிக் கழுத்து ரை தெரிய விட்டுக்கொண்டு, கையை உயர்த்தியபடி போர்ம் அங்கிள். ஏழாம் மாடித் தமிழ்க் குடும்பங்களை ஒன்றுதிரட்டி அவர்களுடைய வீட்டைக் காப்பாற்றிய தலைவர் என்று, அவருடைய முழுப்பெயரையும் போட்டு, என் மகள் கீழே எழுதியிருந்தாள். வருகிற சனிக்கிழமை அவரே வந்து பேசப்போகிறாராம். நான் கட்டாயம் வர வேண்டுமாம்.

"வாறன்" என்று பதில் போட்டேன். சந்தோசத்தில்தான். ஆள் கடைசியில் என் கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டார்.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். ஏழாம் மாடி கொரிடோரில் பத்துக் கதவுகள். ஆறு எங்கள் ஆட்களுடையவை. மண்ணிறக் கார்ப்பெற், அதில் எப்போதும் ஈர வாடை. கருவாடு பொரிக்கிற வாசமும் யாரோ முட்டைக்கோவா அவிக்கிற மணமும் கலந்து எலிவேற்றர் கதவு திறந்ததுமே முகத்தில் அடிக்கும். எங்கள் ஆறு கதவுக்கும் வெளியே சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் யார் சப்பாத்தோடு போவது? மாதா படம் வைத்திருந்த மன்னார்க்காரர் வீட்டு வாசலிலும் அதே குவியல்தான். ஒரு கதவைத் தட்டாமலே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். அதுதான் எங்கள் முட்டாள்தனம், அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டு லீஸில் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், தம்பி. உள்ளே இருந்தது எட்டுப் பேர். சித்தப்பாவும், அப்பாவின் ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய மூன்று பெடியளும் ஹோலில் படுத்தார்கள். வேறெங்கே போவார்கள்?

எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். என்னிடம் ஒரேயொரு சோடி பூட்ஸ் இருந்தது. தேவாலயத்தின் நிலவறையில் பழைய உடுப்புகள் கொடுத்த இடத்தில் எடுத்தது. கத்தரிப்பூ நிறம், உள்ளே வெள்ளை ரோமம். வலது காலைப் பூட்டுகிற சிப் பாதியில் இறுகி நின்றுவிட்டதால், அம்மா தன் பழைய சேலைக் கரையைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டிவிடுவாள். வகுப்பில் எல்லோருடைய பூட்ஸும் கறுப்பு. என்னுடையது மட்டும் கத்தரிப்பூ. இந்த நாட்டில் அதுவரை எனக்கென்று வாய்த்த ஒரே அழகான பொருள் அது.

இனி போர்ம் அங்கிள். அவர் எங்களுக்கு முந்தி வந்தவர். ஐந்தாம் மாடியில், ஒற்றை அறை வீட்டில், மனைவி பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார். இங்கிலீஷ் தெரியும். எங்கள் அகதி விண்ணப்பம், வேலை விண்ணப்பம், பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லா போர்மும் அவர்தான் நிரப்பினார். அதனால் பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர் அது. வீட்டுக்கு வந்தால் அம்மா அவருக்கென்று தனியாக வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பாள். ஒரு கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், அவர் வாசித்துச் சொன்னதுதான் எங்களுக்குக் கடிதம்.

எங்கள் கதவுக்கு நேரெதிரே மூன்று அறை வீட்டில் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். ஒரு தையல் மெசினும் கடுகு நிறக் கோட்டும் அவருக்குத் துணை. காலையில் கீழே பில்டிங் ஒபிசைக் கூட்டித் துடைக்கிற வேலை. கொரிடோரில் நாங்கள் சத்தம் போட்டால் கதவைச் சங்கிலியோடு நாலு விரற்கடை திறந்து பார்ப்பார். என்னைக் கண்டால் "டார்லிங்" என்பார். எங்கள் வீடுகளில் அவருக்கு ஒரு சொல் வைத்திருந்தோம். உங்களுக்குத் தெரியும் அது என்ன சொல்லென்று. உப்பு எங்கே, சீனி எங்கே என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னோம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரியில் ஒருநாள் பள்ளிக்கூடம் போகக் கதவைத் திறந்தால் கொரிடோர் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. ஒரு சப்பாத்து இல்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர், விடியற்காலையில் எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பைகளில் அள்ளிக் கட்டிக்கொண்டு போயிருந்தார். நடைபாதையில் பொருள் வைக்கக்கூடாது என்பது சட்டமாம். சித்தப்பா கீழே குப்பை அறைக்கு ஓடினார். லொறி வந்து போய்விட்டது என்று சொன்னார்கள்.

நான் அன்றைக்கு அம்மாவின் செருப்பில், மூன்று சோடி சொக்ஸ் போட்டு, அதற்குமேல் சாமான் வாங்கின பிளாஸ்ரிக் பையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பை வழியில் கிழிந்தது. ரீச்சர் என் சொக்ஸைக் கழற்றி வகுப்பு ஹீற்றரின் மேல் காயப்போட்டார். அது சூடேறச் சூடேற வகுப்பு முழுக்க நாறியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குள் இந்தக் கறுவம் குடிவந்தது. ஆனால் தவறான ஆளின்மேல்.

அன்று பின்னேரம் போர்ம் அங்கிள் வந்து பூப்போட்ட கோப்பையோடு உட்கார்ந்தார்.

"உவள் எதிர் வீட்டுக்காரிதான் சூப்பருக்குச் சொல்லியிருக்கிறாள். கதவிடுக்குக்குள்ளாலை சப்பாத்தை எண்ணிக்கொண்டு நிண்டதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"ஏன் அண்ணை? அவளுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?" என்று அம்மா கேட்டாள்.

"எரிச்சல், தங்கச்சி. நேற்று வந்த நாங்கள் முன்னுக்கு வந்திடுவம் எண்ட எரிச்சல்."

அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

அதன்பிறகு சப்பாத்துகளைக் குளியல் தொட்டிக்குள் ஒளித்தோம். குளிக்க வேண்டுமென்றால் எட்டுப் பேரின் சப்பாத்தையும் அள்ளி வெளியே வைக்க வேண்டும், குளித்ததும் திரும்ப அடுக்க வேண்டும். பெடியள் மூவரும் சப்பாத்தைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வெறும் சொக்ஸோடு படிக்கட்டால் இறங்கி, மூன்றாம் மாடியில் நின்று மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நினைத்தால் பகிடிதான்.

அடுத்த கிழமை போர்ம் அங்கிள் ஒரு கொப்பியும் பேனையுமாக வந்தார்.

"சங்கம் ஒண்டு துவங்கவேணும். அப்பதான் இவங்களை எதிர்க்கலாம். எல்லாற்றை பேரும் வேணும் தங்கச்சி. லீஸிலை இல்லாத ஆக்களை முக்கியமாச் சொல்லுங்கோ."

அம்மா வடை சுட்டு வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். ஆறு வீட்டிலும் இதேதான் நடந்தது. உங்கள் வீட்டிலும்தான்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. எட்டுப் பேரின் பெயரும் ஒரு எழுத்துக் கூட பிசகாமல் அதில் இருந்தது. லீஸில் இல்லாத நால்வரும் பங்குனி முடிவுக்குள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் வெளியேற வேண்டும். பெடியளில் ஒருவன் அன்றைக்கே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இந்த ஊரில் வேறு ஒரு கதவும் தெரியாது.

"எங்கட பேரெல்லாம் அவளுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?" என்று அம்மா கேட்டாளே, அது நல்ல கேள்வி. அங்கிள் கோப்பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "நீங்கள் கொரிடோரிலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறதுதானே. கேட்டு எழுதியிருப்பாள்."

என் பெயரைச் சொல்ல நாக்குப் புரளாமல் டார்லிங் என்று கூப்பிட்டவர், எட்டு யாழ்ப்பாணப் பெயரையும் கதவிடுக்கால் கேட்டுப் பிழையில்லாமல் எழுதினாராம். ஹோல் நிறைய வளர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பூப்போட்ட கோப்பையில் குடிக்கிறவர் பொய் சொல்லமாட்டார் என்பது எங்கள் கணிப்பு.

மூன்றாம் நாள் மத்தியானம், எதிர் வீட்டுப் பெண் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும், ஒன்றரை வருடப் பள்ளிக்கூடம். வாசலில் நான் நடுவில் நின்றேன்.

அவர் மெதுவாக, நான் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ரை கட்டின அந்த ஆள்தான் பெயர்களைக் கொடுத்தவர். ஒபிஸ் மேசை துடைக்கும்போது அவருடைய கொப்பித் தாளைக் கண்டேன். என்னைக் கிளப்பிவிட்டு என்னுடைய மூன்று அறை வீட்டை அவருக்குக் கொடுப்பதாகச் சூப்பர் பேசியிருக்கிறார். அவரிடம் இனி ஒன்றும் சொல்ல வேண்டாமென்று உன் அம்மாவிடம் சொல்லு. இலவசமாக வழக்குப் பார்க்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு சொல் தவறவில்லை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"நாங்கள் வெளிக்கிடாட்டி பொலிசைக் கூப்பிடப்போறாவாம்" என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கத்தரிப்பூ நிற பூட்ஸுக்காக. நாறின சொக்ஸுக்காக. மூன்று கிழமையாக அவரை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கதவின் திறப்புத் துவாரத்துக்குள் அடைக்க சுவிங்கம் கூடச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் தானாக வந்து என் கையில் ஒரு ஆயுதத்தைத் தந்தார். அவர் சொன்னது உண்மையாக இருக்குமென்று அப்போதே பாதி மனது சொன்னது. மற்றப் பாதி அவரை அழவைக்க ஆசைப்பட்டது.

அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து அவர் என்னைப் பார்த்தார். "சரியாகச் சொன்னாயா, டார்லிங்?" என்றார். "யெஸ்" என்றேன். அவர் பையை எங்கள் பக்கம் நீட்டினார். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள்.

அன்று பின்னேரமே ஆறு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. போர்ம் அங்கிள் ஒரு மனு எழுதினார். அந்தப் பெண்ணின் தையல் மெசின் சுவரை அதிர வைக்கிறதாம், கண்ட கண்ட ஆட்கள் வந்து போகிறார்களாம், எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். முதல் வரியில் அந்தப் பெண்ணின் பெயர், கீழே எங்கள் பெற்றோரின் கையெழுத்துகள். என் அம்மா தமிழில்தான் வைப்பாள். பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி வைத்தாள். எதிர் வீட்டுப் பெண்ணைக் கிளப்பச் சூப்பருக்கு அந்த மனு ஒன்றே போதுமாக இருந்தது.

மாசி முடிவில் அந்தப் பெண் போனார். கதவுத் துவாரத்தால் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு ஆண்கள் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கடுகு நிறக் கோட்டைப் பூட்டிக்கொண்டு, எங்கள் கதவுப்பிடியில் எதையோ கொழுவிவிட்டுப் போனார். எலிவேற்றர் மூடும்வரை காத்திருந்து திறந்தேன்.

அன்றைக்குக் கொண்டுவந்த அதே பை. உள்ளே என் பூட்ஸ். லொறி வருமுன்னர் குப்பை அறையில் கிண்டி எடுத்திருக்க வேண்டும். இறுகின சிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளையில் புது சிப் தைத்திருந்தார். தையல் சின்னச் சின்னதாக, எண்ண முடியாத நெருக்கத்தில் இருந்தது. அம்மாவின் சேலைக் கரையைத் தோய்த்து மடித்து உள்ளே வைத்திருந்தார்.

"உது எங்காலை?" என்று அம்மா கேட்டாள்.

"ஸ்கூலிலை கண்டெடுத்தவை" என்றேன். அது இரண்டாவது பொய். அந்த பூட்ஸை இரண்டு குளிர்காலம் போட்டேன். பிறகு ஒன்பதாம் மாடிக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குப் போனது. அதன்பிறகு எங்கே போனதோ.

பங்குனி பிறந்ததும் போர்ம் அங்கிள் எதிர் வீட்டுக்குக் குடிவந்தார். அவர் வாசலில் ஐந்து சோடி சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. சூப்பர் அவற்றைச் சுற்றி நடந்து போனார், ஒருநாளும் தொடவில்லை. அதை நான் மட்டுமா கண்டேன்? நீங்கள் ஒருவரும் காணவில்லையா?

அந்த மாதமே சட்டம் படிக்கிற இரண்டு பெண்கள் எங்கள் கதவுகளைத் தட்டினார்கள். அப்படி ஆட்களை வெளியேற்ற முடியாது, எதிர்த்து நிற்கலாம் என்று சொன்னார்கள். அவர்களை அனுப்பியது யாரென்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு பனி நாளில் எல்லோரும் வாசலில் கூடினோம். பேப்பர்க்காரர் வந்தார். போர்ம் அங்கிள் காற்று மாறியதைப் பார்த்து, ஓடிப்போய் ரை கட்டிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். கடிதங்கள் நின்றன. பெட்டியின்மேல் உட்கார்ந்தவன் பெட்டியை அவிழ்த்தான். ஒரு ஹோல் எடுத்து அங்கிளுக்கு விழா வைத்தோம். அம்மாதான் பொன்னாடை போர்த்தினாள்.

அம்மா ஐந்து வருடத்துக்கு முன் காலமானாள். கடைசிவரை, "அந்த மனுசன் இல்லாட்டி நாங்கள் தெருவிலைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டுமே.

சனிக்கிழமை நகரத்துக்கு ரெயின் ஏறினேன். நல்ல சேலை உடுத்திருந்தேன். பழிவாங்கப் போகிறவள் கசங்கின உடுப்போடு போகக்கூடாது.

மியூசியத்தை நடத்துகிறவர் எழுபது தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகொடுத்து வரவேற்றார். முதல் அறையில் ரெயிலில் வேலை செய்த ஒரு போர்ட்டரின் தொப்பி. அறை வாடகைக்குப் போய்விட்டது, மன்னிக்கவும் என்று ரைப் அடித்த ஒரு கடிதம். அறை போகவேயில்லை என்று அதன் கீழே குறிப்பு. அந்தக் கடிதத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் மனுவும் இதே மாதிரி மரியாதையான இங்கிலீஷில்தான் எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது அறையில் மகளின் மூலை. படத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து ஒட்டியிருந்தாள். போனில் தெரியாத ஒன்று அதில் தெரிந்தது. வலது ஓரத்தில், எங்கள் ஆட்களிடமிருந்து இரண்டடி தள்ளி, ஒரு பெண் அட்டை பிடித்தபடி நின்றார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கோட்டின் நிறம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. எங்களால் வீடிழந்தவர், எங்கள் வீட்டுக்காகப் பனியில் வந்து நின்றிருக்கிறார். சட்டம் படித்த அந்தப் பெண்களை அனுப்பியது யாரென்று அப்போது விளங்கியது. 'பெயர் அறியப்படாத ஆதரவாளர்' என்று மகள் எழுதியிருந்தாள். கதிரை ஒன்றை அந்த ஓரத்துக்கு இழுத்து உட்கார்ந்தேன்.

போர்ம் அங்கிள் கைத்தடியோடு வந்தார். எண்பதை நெருங்கியிருப்பார், ரை மட்டும் புதிது. இருபது பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் பேசினார். சப்பாத்துக் கதையையும் சொன்னார். என் சப்பாத்தை வைத்துக் கைதட்டு வாங்கினார். பெயர்களைக் கொடுத்தது யார் என்று ஒருவர் கேட்டதற்கு, அது கடைசிவரை தெரியவில்லை, யாராக இருந்தாலும் மன்னித்துவிட்டோம் என்றார். மகள் கண்ணைத் துடைத்தாள்.

நான் எழுந்து தமிழில் கேட்டேன். "அங்கிள், என்னைத் தெரியுதோ? ஏழாம் மாடி. உங்களுக்குப் பூப்போட்ட கோப்பையிலை தேத்தண்ணி தந்த வீடு."

"அட! பிள்ளையே? அம்மா மாதிரியே இருக்கிறாய்!"

"பேர் குடுத்தது ஆரெண்டு அம்மாக்குச் சொன்னனீங்களல்லோ. இப்ப ஏன் தெரியாதெண்டுறியள்?"

அவர் சிரித்தார். நான் அவருடைய ஆள், தமிழ் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மூடின அறை என்று நினைத்தார். மைக் வாயருகிலேயே இருந்தது.

"உனக்குத் தெரியும்தானே பிள்ளை. உந்த எதிர் வீட்டு..." என்று தொடங்கி அந்தச் சொல்லைச் சொன்னார். அதே சொல்தான். "இஞ்சை வைச்சுக் கதைக்கிற கதையே? சுத்திவர எல்லாம் அவளின்ரை ஆக்கள்."

மகளின் முகம் வெளிறியது. அவளுக்குத் தமிழ் விளங்கும். அவர் என்ன சொன்னார் என்று மியூசியப் பெண்மணி கேட்டார். பழைய ஊர்க்கதை, சுகம் விசாரித்தோம் என்று அங்கிள் இங்கிலீஷில் சொன்னார்.

"இல்லை" என்றேன். "நான் சொல்கிறேன்."

பத்து வயதில் செய்ய வேண்டியதை அப்போது செய்தேன். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, எல்லோருக்கும் விளங்கும்படி இங்கிலீஷில் சொன்னேன். அந்தச் சொல்லையும் விடவில்லை.

"உனக்கு அப்ப பத்து வயசு! உனக்கென்ன தெரியும்?" என்று அங்கிள் தமிழில் கத்தினார். அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு எனக்கு என்ன தெரியும் என்பதைச் சொன்னேன். கொப்பி. ஒபிஸ் மேசை. மூன்று அறை வீடு. சூப்பர் தொடாத ஐந்து சோடி. அவருடைய கை ரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பொய் சொல்லமாட்டேன், நன்றாக இருந்தது. நாற்பது வருடப் பசிக்கு முதல் கவளம் மாதிரி இருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மியூசியப் பெண்மணி கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் கடிதமில்லை, கொப்பித் தாளில்லை, பூட்ஸும் இல்லை. எங்கள் வாசலில் நான் சொன்ன பொய் ஒன்றுதான் சாட்சி. மகளைப் பார்க்காமல் அதையும் சொன்னேன்.

"அம்மா, யூ நியூ?" என்றாள் மகள். "அம்மம்மாக்குக் கூட நீங்கள் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவள் சுவருக்குப் போய், அங்கிளின் பெயர் எழுதின பட்டையை நகத்தால் உரிக்கத் தொடங்கினாள். மியூசியப் பெண்மணி அவள் கையைப் பிடித்தார்.

"எடுக்காதே. பெயர் இருக்கட்டும். அவர் செய்ததைக் கீழே எழுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவர் செய்ததையும்."

அங்கிள் யாருடைய உதவியும் இல்லாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். மகள் ஒரு அட்டையை எடுத்துப் பென்சிலால் எழுதினாள். அங்கிளின் பெயர், அவர் செய்தது. என் பெயர், நான் செய்தது. என் அம்மாவின் பெயர், அவள் வைத்த கையெழுத்து. எழுதும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, இன்றுவரை சரியாகப் பேசவுமில்லை. பிறகு படத்தின் ஓரத்தில் நிற்கிற பெண்ணைத் தொட்டு, "இவவின்ரை பேர் என்ன?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரி என்றோம், அந்தச் சொல்லைச் சொன்னோம், ஒருநாளும் பெயரைக் கேட்டதில்லை. என் பூட்ஸுக்குச் சிப் தைத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. அந்த இடத்தை மகள் வெறுமையாக விட்டிருக்கிறாள்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த மனுவின் முதல் வரியில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. போர்ம் அங்கிள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார், உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிரதியை அம்மா எப்போதோ எறிந்துவிட்டாள். உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். உயிரோடு இருக்கிற உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். ஞாபகமில்லை என்பார்கள். மறுபடியும் கேளுங்கள்.

அட்டையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அந்த ஒரு பெயர் வராவிட்டால், மனுவில் கையெழுத்து வைத்த மற்ற ஐந்து வீட்டுப் பெயர்களையும் நான் மகளுக்குச் சொல்லப்போகிறேன். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.